நம் முதல் தளபதி

கண்டியில் உலகப் போரின் தலைமையகத்துக்குக் காவல் நின்றவர். சுதந்திர இலங்கையின் படைக்குத் தலைமை ஏற்ற முதல் இலங்கையர். எண்பதை நெருங்கிய வயதில் நாட்டின் படை வரலாற்றை எழுதியவர். மேஜர் ஜெனரல் அன்டன் முத்துக்குமாருவின் நெடிய வாழ்வு.

பேராதனைப் பூங்காவுக்குப் போகாத கண்டிக்காரர் இருக்கமாட்டார். பாடசாலைச் சுற்றுலாவில், வெளியூர் உறவினர் வந்தபோது, கலியாண அல்பத்துக்குப் படம் எடுக்கும்போது என்று எத்தனையோ தடவை அந்த வாசலைத் தாண்டியிருப்போம். ஒர்க்கிட் கூடமும் அரசப் பனை வரிசையும் மகாவலி வளைந்தோடும் கரையும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். 1944 ஏப்ரல் நடுவில் இந்தப் பூங்காவுக்குள் ஓர் உலகப் போர் வந்து குடியேறியது. நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் தில்லியிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பிரித்தானியர், அமெரிக்கர், இந்தியர், ஆபிரிக்கர் என ஆயிரக்கணக்கானோர் கண்டியைச் சுற்றி நிறைந்தார்கள். உச்சத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தலதா மாளிகைக்கு அருகே ‘கிங்ஸ் பவிலியன்’ மாளிகையில் தங்கினார். ஏரிக்கரைச் சுவிஸ் ஹோட்டலையும் படையினர் எடுத்துக்கொண்டனர்.

அவர்கள் வந்து இறங்கிய நாட்களில் இந்திய எல்லையில் கோஹிமாவும் இம்பாலும் முற்றுகைக்குள் இருந்தன. பர்மாவை மீட்பதா, மலாயாவில் இறங்குவதா என்ற பெரிய கேள்விகளுக்கான வரைபடங்கள் பேராதனையில் விரிந்தன. போரின் இரகசியங்கள் அத்தனையும் அந்தப் பூங்கா வேலிக்குள் இருந்தன. அந்த வேலிக்குக் காவல் நின்ற படைப்பிரிவின் பொறுப்பு ஒரு தமிழர் கையில் இருந்தது. முப்பதுகளின் நடுவில் இருந்த அந்த அதிகாரியின் பெயர் அன்டன் மார்ட்டின் முத்துக்குமாரு.

பதினொரு ஆண்டுகள் கழித்து இலங்கை இராணுவத்தின் தளபதியாகப் பதவியேற்றவர் அவர்தான். அந்தக் கதிரையில் அமர்ந்த முதல் இலங்கையரும் அவரே. அதற்கு முன்னர் இருந்த இருவரும் ஆங்கிலேயப் படையிலிருந்து வந்தவர்கள். 1908இல் பிறந்த அவர் 2001இல், தொண்ணூறு வயதைக் கடந்து, ஆஸ்திரேலியாவில் காலமானார். ஒரு நூற்றாண்டை ஏறத்தாழ முழுவதுமாகத் தழுவிய அந்த வாழ்வைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். பெயரைக் கேள்விப்பட்டவர்களே அரிது. இந்த இதழின் முகப்பை அவருக்குக் கொடுத்ததற்கு அதுவே காரணம்.

சட்டத்தரணியின் சீருடை

கொழும்பில் ஒரு மருத்துவரின் வீட்டில் பிறந்தார் முத்துக்குமாரு. புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரிக்குப் போனார். லண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்று நாடு திரும்பினார். அன்றைய கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நீதிமன்றம், வீடு, காணி, கௌரவம் என்று வழி நேராகக் கிடந்தது. அவர் 1934இல் இலங்கை இலகு காலாட்படையில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார்.

1881இல் தொண்டர் படையாகத் தொடங்கிய அணி அது. தொண்டர் படை என்றால் முழுநேர வேலை இல்லை. சட்டத்தரணியும் ஆசிரியரும் கந்தோர் கிளாக்கரும் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டே மாலைகளில் அணிவகுப்புப் பயிற்சி செய்வார்கள். ஆண்டுக்கு ஒரு முறை தியத்தலாவை முகாமுக்குப் போவார்கள். இதில் வருமானம் கிடையாது. பிரித்தானிய அதிகாரியின் கீழ் கைகட்டி நிற்கும் வேலை என்று நினைத்த தேசியவாதிகளும் அப்போது இருந்தார்கள். முத்துக்குமாருவை இழுத்தது என்ன என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டு அவர் சீருடையைக் கழற்றவில்லை என்பது பதிவு.

போர் வந்ததும் தொண்டர் அணிகள் முழுநேரப் படையாக்கப்பட்டன. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. சிங்கப்பூரும் ரங்கூனும் ஏற்கெனவே விழுந்துவிட்டன. அடுத்தது இலங்கைதான் என்று கொழும்பு மக்கள் மூட்டை கட்டினார்கள். மலைநாட்டுக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். மலாயாவின் இரப்பர் எதிரியின் கைக்குப் போனபின் நேச நாடுகளின் இரப்பர் தேவைக்கு நம் தோட்டங்களே பெரும் ஆதாரமாயின. அந்த மரங்களைச் சீவியவர்களில் மிகப் பலர் மலையகத் தமிழர். அவர்களுக்கு எந்தப் பதக்கமும் வரவில்லை. படைவீரரைப் பற்றிய கட்டுரையில் அவர்களையும் ஒரு வரியாவது சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்தபோது இலங்கைப் பாதுகாப்புப் படையின் பலம் ஏறத்தாழ 15,000. அந்தப் படைக்குள்ளும் எல்லாரும் ஒரே மனத்தோடு நின்றார்கள் என்று சொல்ல முடியாது. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையின் சில வீரர்கள் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கிரேஷியன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைத் துரோகி என்பவரும் உண்டு, தியாகி என்பவரும் உண்டு. முத்துக்குமாருவின் தலைமுறைச் சிப்பாய் எவரும் தன்னைத்தானே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதில் இருக்கிறது: இந்தத் துப்பாக்கி யாருக்காக? அவர் மன்னரின் படையில் நின்றுதான் அதற்குப் பதில் தேடினார். 1946இல் லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் இலங்கை அணியை நடத்திச் சென்றார்.

எதிர்ப் பக்கத்தில் நின்ற தமிழர்களையும் நினைக்கவேண்டும். பேராதனையில் முத்துக்குமாரு காவல் நின்ற அதே 1944இல், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படையின் தலைவியாக பர்மாவில் இருந்தார் சென்னையில் பிறந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். லட்சுமி 2012இல், 97ஆவது வயதில் கான்பூரில் காலமானார். இந்தியா அவருக்கு 1998இல் பத்ம விபூஷண் கொடுத்தது. 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமுக்கு எதிராக அவர் போட்டியிட்டார். முதுமையிலும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பதை விடவில்லை. போரில் எதிரெதிராக நின்ற இந்த இருவரையும் நெடுங்காலம் வாழவிட்டது விதி. இந்தியர்கள் லட்சுமியை மறக்கவில்லை. நாம் முத்துக்குமாருவை மறந்தோம்.

தளபதியின் கதிரை

1949 ஒக்டோபர் 10. அந்த ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்படி இலங்கைக்கு நிரந்தரப் படை ஒன்று பிறந்தது. முதல் தளபதியாக கேத்னஸ் பிரபு என்ற பிரிகேடியர் வந்தார். அவருக்குப் பின் பிரிகேடியர் பிரான்சிஸ் ரீட். இலகு காலாட்படையின் முதலாவது நிரந்தரப் பட்டாலியனுக்குக் கட்டளை அதிகாரியானார் முத்துக்குமாரு. சுதந்திரம் கிடைத்திருந்தாலும் திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத்தளமும் பிரித்தானியரிடமே இருந்த காலம் அது. படையின் விதிமுறை, பயிற்சி, உடை, உணவு, சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. சண்டையில் கிடைக்கும் புகழ் இந்த வேலையில் கிடையாது. ஒரு நாட்டுக்கு இதைவிடப் பயனுள்ள வேலையும் குறைவு.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். படை பிறந்ததற்கு முந்திய ஆண்டில், 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞனுக்கு ‘தன் நாட்டுப் படை’ என்று ஒன்று இல்லாமல் போனது. கொழும்பில் ஒரு தமிழர் தளபதி ஆவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார்; ஹந்தானையில் இன்னொரு தமிழரின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டுகளில் நடந்தவை.

1955 பெப்ரவரியில் முத்துக்குமாரு தளபதியானார். 1959 டிசம்பர் கடைசி வரை பதவியில் இருந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டு நீண்ட அந்தக் காலத்துக்குள் மூன்று பிரதமர்களின் கீழ் பணியாற்றினார். சேர் ஜோன் கொத்தலாவல, தானே இலகு காலாட்படையின் கேணலாக இருந்தவர். படையின் நெளிவு சுளிவு தெரிந்தவர். அடுத்து வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கினார். அவர் 1959 செப்டெம்பரில் சுடப்பட்டு இறந்தபின் டபிள்யூ. தஹநாயக்க. இந்த மூவரின் அரசியலும் மூன்று திசை. தளபதி மாறவில்லை. 1957 கடைசி மாதங்களில் திருகோணமலையும் கட்டுநாயக்கவும் பிரித்தானியரிடமிருந்து நம் கைக்கு வந்தபோது இராணுவத்தின் தலைமையில் இருந்தவர் அவரே. அதே ஆண்டு டிசம்பர் பெருவெள்ளத்தில் வடக்கும் கிழக்கும் மூழ்கின. மீட்பு வேலைக்குப் படையினர் இறங்கினார்கள்.

1958 மே

அந்தப் பதவிக்காலத்தில் மிகக் கனமான வாரம் எது என்று கேட்டால் 1958 மே மாதத்தின் கடைசி வாரத்தையே சொல்வேன். மொழிப் பிரச்சினைக்குத் தீர்வாகப் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் 1957 ஜூலையில் செய்த உடன்பாடு, பிக்குகளின் எதிர்ப்பால் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. மே 22 அளவில் பொலன்னறுவைப் பக்கம் ரயில்களைத் தாக்கத் தொடங்கியவர்கள் தமிழரைத் தேடிப் பிடித்து அடித்தார்கள். தீ கொழும்பு வரை பரவியது. தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மனிதர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பிரதமர் நாட்களைக் கடத்தினார். மே 27இல்தான் அவசரகால நிலை பிரகடனமானது. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துப் படையைத் தெருவில் இறக்கினார்.

அப்போது நடந்ததைக் கொஞ்சம் நிறுத்தி நினைத்துப் பாருங்கள். தாக்கப்பட்டவர்கள் தமிழர். படையின் தளபதி தமிழர். அந்தப் படையில் பெரும்பாலானோர் சிங்களவர். சுடலாம் என்ற அதிகாரத்தோடு வீதிக்கு வந்த சிங்களச் சிப்பாய்கள் சிங்களக் காடையரை அடக்கினார்கள். கலவரம் ஓய்ந்தது. கட்டளைச் சங்கிலி அறுந்துபோகவில்லை. அகதிகளான பல ஆயிரம் தமிழர் கப்பல் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாட்களைத் தன் ‘எமர்ஜென்சி 58’ நூலில் பதிந்தவர் சிங்களப் பத்திரிகையாளரான தார்சி வித்தாச்சி. அந்தப் புத்தகத்தை இங்கே தடை செய்தார்கள்.

தளபதி தன் வீட்டில் அந்த இரவுகளை எப்படிக் கழித்தார், அவரது உறவினருக்கு என்ன நேர்ந்தது என்பதையெல்லாம் கற்பனையில் எழுதிவிடலாம். அது நியாயம் இல்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அவர் ராஜினாமா செய்யவில்லை, கலகமும் செய்யவில்லை, அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு சீருடையில் நின்று கடமையை முடித்தார். அவரைக் கோழை என்று சொல்லும் தமிழர் இருக்கலாம். இனத்துக்காகக் கதிரையை விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று வாதிடலாம். நான் அந்தப் பக்கம் இல்லை. படை ஒன்று குடிமக்களை இனம் பார்க்காமல் காக்க வேண்டும் என்ற விதி, அந்த வாரத்தில் அவருடைய தலைமையின் கீழ் நின்றது. 1983 ஜூலைக் கலவரத்தில் அந்த விதி எங்கே போனது என்று தேடிய தமிழருக்கு அதன் மதிப்பு தெரியும்.

இதைப் படிக்கும் எத்தனையோ வாசகர்களுக்கு ‘ஆமி’ என்ற சொல்லே நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, காணாமல் போன பிள்ளை, முள்ளிவாய்க்கால் என்று அவர்கள் மனத்தில் எழுபவற்றை எந்தக் கட்டுரையும் துடைத்துவிட முடியாது. துடைக்க முயல்வதும் தவறு. முத்துக்குமாருவைக் கொண்டாடுவதால் பின்னர் நடந்த எதற்கும் வெள்ளையடித்ததாக ஆகாது. அவர் தளபதியாக இருந்த காலத்தில் படையில் தமிழரும் பறங்கியரும் மலாயரும் கணிசமாக அதிகாரிகளாக இருந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற பின் 1960இல் கடற்படைத் தளபதியானவரும் தமிழர்தான்: ராஜன் கதிர்காமர், பின்னாளில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் மூத்த சகோதரர். தம்பி லக்ஷ்மன் நம் கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவர். ராஜன் 1970 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1962இல் சில படை, பொலிஸ் அதிகாரிகளின் சதி முறியடிக்கப்பட்ட பிறகு ஆட்சேர்ப்பின் போக்கு மாறியது. ஒரே இனத்தின் படையாக அது சுருங்கியது வேறு கதை. ஆனால் அப்படித்தான் ஆகவேண்டும் என்று எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அதற்கு முத்துக்குமாருவின் ஐந்து ஆண்டுகளே சாட்சி.

பேனா பிடித்த கிழவர்

ஓய்வு பெற்றபோது அவருக்கு 51 வயது. அரசு அவரை இராஜதந்திரப் பணிக்கு அனுப்பியது. பாகிஸ்தானிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உயர்ஸ்தானிகர், எகிப்தில் தூதுவர் என்று இன்னொரு சேவை. அதுவும் முடிந்து, சாய்வுக் கதிரையில் இருந்து பேரப்பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்கிற வயதில் அவர் பேனாவை எடுத்தார். 1987இல் ‘த மிலிட்டரி ஹிஸ்டரி ஆஃப் சிலோன்: ஆன் அவுட்லைன்’ என்ற அவருடைய நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 79.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். வடமராட்சித் தாக்குதல், இலங்கை–இந்திய ஒப்பந்தம், இந்தியப் படையின் வருகை எல்லாம் நடந்த 1987. தான் கட்டிய படையும் தன் இனத்து இளைஞர்களும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நேரத்தில், இந்தத் தீவின் படை வரலாறு ஒன்றைப் புத்தகமாக்கி வெளியிட்டார் அந்த முதியவர். எனக்கு அவர்மேல் மரியாதை பெருகுவது இங்கேதான். பதவியும் பதக்கமும் பிறர் கொடுப்பவை. எண்பது வயதில் மேசைக்கு முன் உட்கார்ந்து எழுதும் உழைப்பை யாரும் கொடுக்க முடியாது.

கண்டி எப்படி நினைக்கிறது?

படைவீரரை நினைவுகூருவதில் கண்டிக்குப் பழைய பழக்கம் உண்டு. 1803இல் பிரித்தானிய மேஜர் டேவியின் படை அழிக்கப்பட்ட வட்டப்புளுவை இன்றும் பேசப்படுகிறது. தலதா மாளிகைக்குப் பின்புறம் உள்ள பிரித்தானியக் காவற்படை மயானம் 1817இல் தொடங்கியது. அங்கே கிடப்பவர்களில் வயது முதிர்ந்து இறந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். காய்ச்சலும் வெயிலும் இளவயதிலேயே அள்ளிக்கொண்டு போயின. வாட்டர்லூ போரிலிருந்து உயிரோடு மீண்ட ஜேம்ஸ் மக்லாஷன் என்ற அதிகாரி கண்டிக்கு வந்து காய்ச்சலில் செத்தது அதே 1817இல். அந்தக் கற்களைப் படித்துவிட்டு வந்தால் ஒரு படைவீரர் தொண்ணூறைத் தாண்டுவது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

தேவனி இராஜசிங்க மாவத்தையில் இன்னொரு மயானம் இருக்கிறது. பழைய பெயர் பிட்டகந்த இராணுவ மயானம். இன்று கண்டி யுத்த மயானம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த இருநூறு பேர் அளவில் அங்கே துயில்கிறார்கள். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், கனடியர், இத்தாலியர் சிலர், நம் நாட்டவர். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு அதைப் பராமரிக்கிறது. புல் ஒழுங்காக வெட்டப்படுகிறது, பூச்செடிகள் வாடுவதில்லை. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாக் கல்லும் ஒரே அளவு என்பது அந்த ஆணைக்குழுவின் கொள்கை. பேராதனைக்குப் போகும் வழியில் ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம். இளமையில் இறந்த படைவீரருக்கு உலகம் கல் நட்டு வைக்கிறது. உயிரோடு திரும்பி முதுமை வரை நடந்தவர்களுக்கு என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

இந்தக் கவலை புதிதல்ல. முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல் சிவப்புப் பொப்பிப் பூ விற்றுப் பணம் சேர்ப்பது இலங்கையிலும் வழக்கமானது. சேர்ந்த பணத்தில் பெரும் பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. நம் நாட்டு முன்னாள் வீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். இதை எதிர்த்துத்தான் 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் சூரிய மல் விற்பனையைத் தொடங்கினார். உள்ளூர்ப் பூவை விற்று உள்ளூர் வீரருக்கு உதவுவது நோக்கம். பின்னர் இடதுசாரி இளைஞர்கள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தார்கள். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலைப் பக்கம் அவர்கள் செய்த நிவாரணப் பணி பெயர் பெற்றது. நாட்டின் இடதுசாரி அரசியலின் ஒரு வேர், கவனிக்கப்படாத படைவீரரின் வயிற்றுப்பாட்டில் இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

கனடாவைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 4 மாலை, இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுபிடித்து எச்சரிக்கை அனுப்பிய விமானி லெனார்ட் பெர்ச்சல் கனடியர். கொக்கலைத் தளத்திலிருந்து பறந்த அவருடைய கற்றலினா விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும் வரை ஜப்பானியச் சிறைமுகாமில் கிடந்தார். ‘இலங்கையின் மீட்பர்’ என்ற பட்டம் அவருக்கு வந்தது. 1915இல் பிறந்து 2004 வரை வாழ்ந்த அவர், 62 ஆண்டு படைச் சேவைக்கான கனடியப் பதக்கப் பட்டைகளைப் பெற்றவர். 2000இல் நாட்டின் உயர் விருதான ‘ஓடர் ஒஃப் கனடா’வும் அவருக்குக் கிடைத்தது. நம் தீவைக் காத்த கனடியரை அவர் நாடு முதுமையில் அழைத்து மாலையிட்டது. நம் தீவின் படையைக் கட்டிய தமிழர் ஆஸ்திரேலியாவில் கண்மூடினார்.

சுதந்திரத்துக்கு முன் மன்னரின் படையில் இருந்த பொதுநலவாய நாட்டு முதியவர்களுக்கு, 1921இல் கேப் டவுனில் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகம் ஒன்று இன்றும் சாப்பாட்டுக்கு உதவுகிறது. நாளுக்கு இரண்டு வேளை உணவு என்பது அதன் இலக்கு. பேரரசின் கணக்கில் ஒரு சிப்பாயின் முதுமை இரண்டு வேளைச் சோறாகச் சுருங்கியது வருத்தம்தான். ஆனால் அதையும் செய்யாமல் விட்டவர்களை விட அது மேல்.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பேசலாம். 1949இல் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். முத்துக்குமாருவின் கீழ் அணிவகுத்தவர்களில் மிஞ்சியிருப்போர் மிகச் சிலரே. கண்டி, மாத்தளை, கம்பளைப் பக்கம் அப்படி ஒரு தாத்தா உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், மாலை போட்டு மேடையில் இருத்துவதற்கு முன் அவர் சொல்வதைக் கேளுங்கள். தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தகரப் பெட்டியில் கிடக்கும் விடுவிப்புச் சான்றிதழையும் குழுப்படத்தையும் படம் பிடியுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். 1953 ஹர்த்தாலில் எங்கே நின்றார், 57 வெள்ளத்தில் யாரைத் தூக்கினார், 58இல் எந்தத் தெருவில் காவல் இருந்தார் என்று கேளுங்கள். வெட்கப்படும்படி ஏதாவது செய்திருந்தால் அதையும் சொல்ல இடம் கொடுங்கள். புகழ்ச்சியை மட்டும் கேட்டால் வரலாறு கிடைக்காது.

பேராதனைப் பூங்காவுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வந்துபோன பெரியவர்கள் நட்ட மரங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 1891இல் பின்னாளைய ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸ் நட்ட நாக மரம், 1901இல் ஐந்தாம் ஜோர்ஜ் நட்ட நாகலிங்கம், 1961இல் ககாரின் நட்டது, 1967இல் இந்திரா காந்தி நட்டது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு. அந்த மண்ணைப் போர்க்காலத்தில் காத்து நின்ற இலங்கை வீரர்களுக்கும் அவர்களின் கட்டளை அதிகாரிக்கும் ஒரு மரம் நட்டு, மும்மொழியில் பலகை வைக்க வேண்டும். செலவு பெரிதல்ல. பலகையில் ‘1944’ என்ற ஆண்டையும் முத்துக்குமாருவின் பெயரையும் படிக்கிற பாடசாலைப் பிள்ளை கேள்வி கேட்கும். ஆசிரியர் பதில் தேட வேண்டி வரும்.

அந்தப் பதில் அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. பூங்காவுக்கு அருகிலேயே பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி முன்னிலையில் எடின்பரோ கோமகன் அதைத் திறந்து வைத்தபோது முத்துக்குமாரு படையின் மூத்த இலங்கை அதிகாரிகளில் ஒருவர். வரலாறும் தமிழும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படும் அந்த இடத்திலிருந்து அவருடைய படை வரலாற்று நூல் நல்ல தமிழில், திருத்தமான அடிக்குறிப்புகளோடு வெளிவர வேண்டும். கண்டியின் தமிழ் வணிகர்களும் வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்களும் அச்சுச் செலவை ஏற்கட்டும். முதல் பிரதிகள் மலையகப் பாடசாலைகளின் நூலகங்களுக்கும், மாணவர் படையணிகளுக்கும், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் போய்ச் சேரட்டும்.